வைகை அணையில் நாலாவதாக நின்றவள்

1

மாசி சிவராத்திரி அன்று எங்கள் வீட்டில் அம்மாவின் பெட்டியைத் திறப்பார்கள். கம்பத்துக்குப் பக்கத்தில் காமயகவுண்டன்பட்டியில் அப்பா பெட்டியின் கயிற்றை அவிழ்க்கும்போது, இங்கே நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் நான் சமையலறை மேசையில் போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு கும்பிடுவேன். வேலைக்கென்று இங்கே வந்த பிறகு ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தான் நடக்கிறது.

அது ஒரு மூங்கில் பெட்டி. உள்ளே ஒரு சேலையும் கண்ணாடி வளையல்களும் குங்குமச் சிமிழும் இருக்கும். பூவும் பொட்டுமாகப் போன பெண்ணை எங்கள் பக்கம் வீட்டுச்சாமியாகக் கும்பிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆண்டுக்கு ஒரு புதுச்சேலை உள்ளே போகும், பழைய சேலையை ஈஸ்வரி அக்கா எடுத்துக் கட்டிக்கொள்வாள். மற்ற வீடுகளில் பெட்டிக்குப் பக்கத்தில் பெரிதாக்கிய போட்டோ ஒன்று மாலையோடு இருக்கும். எங்கள் வீட்டில் அது இல்லை. அம்மா பொன்னுத்தாயின் படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்துக்குப் போட்டோக்காரரை வைக்க வசதி இல்லை. வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க வந்த நாளில் அவள் திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்து வேலைக்குப் போய்விட்டாள். எனக்கு ஐந்து வயதிருக்கும்போது மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். எனக்கு அவள் முகம் நினைவில் இல்லை.

நினைவில் இருக்கும் இருவருக்கும் ஒத்துப்போகாது. சாமி கும்பிட்டு முடிந்ததும் சண்டை தொடங்கும்.

“வட்ட மொகம்டா அவளுக்கு. சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கும்,” என்பார் அப்பா.

“நீங்க வேறப்பா. அம்மாவுக்கு நீட்டு மொகம். எனக்கு இருக்கே, இதே மொகந்தான்,” என்பாள் அக்கா.

“ஒனக்கு இருக்கது எங்க ஆத்தா மொகம். அதான் நானும் பேச மாட்டாம கெடக்கேன்.”

இந்த ஆண்டு என் மகள் ஆதிரா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் டச்சு, தூக்கத்தில் உளறுவதும் டச்சு. அவள் திரையைப் பார்த்துக் கேட்டாள்: “பெட்டி அப்பத்தா உள்ள மடிச்சு இருக்காங்களா?”

அக்கா போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “இருக்காங்களாவா? டீவில படிச்ச தமிழாடி ஆத்தா அது? இருக்காகளான்னு கேளு.”



2

இங்கே நிரந்தரமாகத் தங்க வேண்டுமானால் மொழித் தேர்வு எழுத வேண்டும். மாலை வகுப்பில் ஆசிரியை, பெற்றோரின் படம் ஒன்றைக் கொண்டுவந்து அதைப் பற்றி ஐந்து வாக்கியம் பேசச் சொன்னார். நான் போனிலிருந்த பெட்டியின் படத்தைக் காட்டினேன். இது என் தாய். இவர் வீட்டில் இருக்கிறார். இவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுத்துணி கொடுக்கிறோம். இவர் எங்களைக் காப்பாற்றுகிறார். என் மகளுக்கு இவரைப் பிடிக்கும்.

 ஆசிரியை படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “வாக்கியங்கள் எல்லாம் சரி,” என்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சரி என்று யாராவது குறி போட்டால் எனக்குச் சந்தோஷம் வரும். அன்றைக்கு வரவில்லை. அம்மாவைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் ஆறாவது வாக்கியம் இல்லை என்று சைக்கிளில் திரும்பும்போது தோன்றியது.

3

சிவராத்திரி முடிந்து சில வாரங்களில் ஆதிராவின் வகுப்பை ஒரு கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். துணைக்குப் பெற்றோர் வேண்டும் என்றார்கள். என் மனைவி மகாலட்சுமிக்கு அன்று வேலை, அதனால் நான் போனேன்.

இந்தக் காலத்துக் கலை எனக்குப் புரிவதில்லை. புரிந்த மாதிரி தலையாட்டவும் வராது. முதல் அறையில் சுற்றுலாத் தலங்களில் வாங்கும் பீங்கான் தட்டுகளை உடைத்து, வேறு வேறு ஊர்த் துண்டுகளை ஒட்டவைத்திருந்தார்கள். இரண்டாவது அறை இருட்டாக இருந்தது. கூரையிலிருந்து நூல்களில் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பிளாஸ்டிக் டப்பிகள் கண் உயரத்தில் தொங்கின. கிட்டப் போனதும் தெரிந்துகொண்டேன். நம்மூர் அணைக்கட்டிலும் கோயில் வாசலிலும் ஒரு காலத்தில் கொடுப்பார்களே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுகண்ணை வைத்தால் உள்ளே நம் படம் தெரியும் சாவிக்கொத்து, அதுதான். கண்ணை வைத்ததும் பின்னாலிருக்கும் சிறு பல்பு எரியும். எடுத்தால் அணையும்.

பிள்ளைகள் ஓடி ஓடிப் பார்த்தார்கள். நானும் ஒன்றில் கண் வைத்தேன்.

உள்ளே வைகை அணை இருந்தது.

சந்தேகமே இல்லை. கரையில் ஏறும் படிகள், பூங்காவின் சிறு பாலம், பின்னால் நீண்டு கிடக்கும் சுவர். பள்ளிச் சுற்றுலாவில் தயிர்ச்சோறு தின்ற இடம். ஆனால் படத்தின் நடுவில் மூன்று ஆள் உருவங்கள் வெறும் வெள்ளையாக இருந்தன. பிலிமை ஊசியால் சுரண்டியிருந்தார்கள். சுரண்டிய இடத்தில் பல்பின் ஒளி மட்டும் நின்றது. அந்த மூன்று வெளிச்சங்களுக்குப் பக்கத்தில், இரண்டு முழம் தள்ளி, ஒரு பெண் நின்றாள். அவளை மட்டும் சுரண்டவில்லை. அவள் கேமராவைப் பார்க்காமல், முகம் சரியாகத் தெரியாதபடி எங்கோ பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த டப்பியிலும் அணை. மூன்று வெளிச்சம், ஓரத்தில் ஒரு கிழவர். அதற்கடுத்ததிலும் மூன்று வெளிச்சம், மறுபடி அந்தப் பெண். சேலை வேறு. பார்வை அதே பக்கம். இன்னும் சில டப்பிகள் தள்ளி மறுபடி அவள். கொஞ்சம் ஒல்லியாக, கொஞ்சம் வயது குறைவாக. அங்கிருந்தவர்கள் எல்லாரும் ஒளியாகிப் போன பிறகும் அவள் மட்டும் அதே இடத்தில் காத்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. 

ஆதிரா என் கையை இழுத்தாள். “அப்பா, இவங்களை யாருமே கூட்டிட்டு வரல,” என்றாள். “தனியா வந்திருக்காங்க.”

4

இந்த வேலையைச் செய்த கலைஞர் பெயர் மரெய்கே. என்னைவிட மூத்தவர். அன்று பிள்ளைகளிடம் பேச அங்கே வந்திருந்தார். நான் தயங்கித் தயங்கிப் போய், இது என் ஊருக்குப் பக்கத்து அணை என்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

கொச்சியில் ஒரு பழம்பொருள் கடையில் ஒரு சாக்கு நிறைய இவற்றை வாங்கினாராம். போட்டோக்காரர் படத்தைக் கழுவி, டப்பியில் போட்டு, தபாலில் அனுப்பியிருப்பார். முகவரி தவறித் திரும்பி வந்தவை அவை. கை மாறி மாறி மலை தாண்டிக் கொச்சி வரை இறங்கியிருக்கின்றன.

“படம் எடுத்துக்கொண்டவர்களுக்கு அது ஞாபகப் பொருள்,” என்றார். “எனக்கு அவர்கள் மேல் ஆர்வம் வரவில்லை. கேமராவைப் பார்க்காதவர்கள் சிலர் பல படங்களில் இருந்தார்கள். யாரும் அவர்கள் தோளில் கை போடவில்லை. அவர்கள் யார்? வேலைக்காரர்களா? இறந்துபோன உறவினர்களின் இடத்தில் நிறுத்தப்பட்டவர்களா? கேமராவைப் பார்த்தவர்களை எல்லாம் சுரண்டிவிட்டேன். பார்க்காதவர்களை வைத்துக்கொண்டேன்.”

எனக்கு விடை தெரியும். உங்களுக்கும் தெரியும். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்று நம் ஆட்கள் அக்கம்பக்கத்தில் நிற்கும் யாரையாவது இழுத்து நாலாவதாக நிறுத்துவார்கள். எடுத்த பிறகு அந்த ஆள் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். இதைச் சொன்னேன்.

மரெய்கே தொங்கும் டப்பிகளைத் திரும்பிப் பார்த்தார். “அப்படியானால் சாவைத் தடுக்க நின்றவர்கள்,” என்றார்.

“அப்படி யாரும் நினைத்து நின்றிருக்க மாட்டார்கள். கூப்பிட்டார்கள், நின்றார்கள்.”

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். பல்பின் சூட்டிலும் ஒளியிலும் பிலிம் வெளுக்கும். ஆட்கள் பார்க்கப் பார்க்கப் படம் அழியும், யாரும் பார்க்காத டப்பி மட்டும் அப்படியே இருக்கும். அதுவும் இந்தக் கலையின் பகுதியாம்.

5

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் பேசினேன். அவளை அனுமந்தன்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். ஒரே பெண் பல படங்களில் நிற்கிறாள் என்றதும் அரிவாள்மனை நின்றுவிட்டது.

“எந்தப் பக்கம் பாக்குது அந்தப் பொம்பள?”

“அவளுக்கு இடது பக்கம். எல்லாத்துலயும் அதே பக்கந்தான்க்கா. அந்தம்மா மேல உலகத்தப் பாக்குதுன்னு இங்கன செவத்துல ஒருத்தர் எழுதி வச்சிருக்காரு.”

“மேல உலகமா? கூடைய மாடு தின்னுரும்னு பாத்திருக்கும்.”

“என்ன கூடை?”

“ஏலே, ஒனக்குத் தெரியாதா? அம்மா பெறந்த ஊரு அணைக்கட்டுப் பக்கந்தான? கல்யாணத்துக்கு முன்னாடி பூங்கா வாசல்ல வெள்ளரிப்பிஞ்சு வித்துச்சு. பெறந்த வீட்டுக்குப் போறப்பல்லாம் மறுபடி கூடையத் தூக்கிக்கிட்டுப் போயிரும். மூணு பேரா யாரும் வந்தாகன்னா போட்டோக்காரரு, ‘ஏ வெள்ளரிக்கா, ஓடியா’ன்னு கூப்புடுவாரு. அம்மாவும் போயி நிக்கும்.”

“இத ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?”

“அப்பாவுக்கு அணைக்கட்டு யாவாரத்தப் பத்திப் பேசுனாப் புடிக்காது. பொண்டாட்டி கண்டவுக கூட நின்னு போட்டோ எடுத்துச்சுன்னு தெரிஞ்சா இன்னும் ஆடுவாகல்ல?” கொஞ்சம் நிறுத்தினாள். “ஒருதரம் நானும் இருந்தேன் தம்பி. நீ அம்மா இடுப்புல இருந்த. எறக்கி விடப் பாத்துச்சு, நீ கத்துன கத்துல ஊரே திரும்புச்சு. சரி, புள்ளையோடவே நில்லுன்னுட்டாரு. ‘காக்கா பாரு, காக்கா பாரு’ன்னு அவரு கையத் தூக்கவும் நீ வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்த. அன்னைக்குக் கூடைக்கு நான்தான் காவலு.”

எங்கள் வீட்டில் இல்லாத அம்மாவின் படம் எத்தனை வீடுகளில் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஏதோ ஊரில், ஏதோ பீரோவில், சாவிகளோடு சாவியாக. யாரோ ஒருவர் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “இது யாரோ தெரியலப்பா,” என்று சொல்லியிருப்பார்கள்.

6

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கலைக்கூடம் திறக்கும்போதே போய் நின்றேன். ஒவ்வொரு டப்பியாகப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் பல்பு எரிந்தது. நான் பார்ப்பதாலேயே வெளுக்கிறது என்று தெரிந்தும் பார்த்தேன்.

கடைசி வரிசையில் இருந்தது. பாலம். மூன்று பெரிய வெளிச்சங்கள். தள்ளி, அவள். இந்தப் படத்தில் அவள் பக்கவாட்டில் பார்க்கவில்லை. குனிந்திருந்தாள். அவள் இடுப்பில், வளைந்த கைக்குள், நாலாவதாக ஒரு சின்ன வெளிச்சம். பிள்ளையின் வடிவத்தில் ஒரு வெள்ளை. ஊசி தப்பவிட்ட இடத்தில் ஐந்து விரல்கள் மட்டும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

நான் காக்காயைப் பார்த்திருக்கிறேன். கேமராவைப் பார்த்திருக்கிறேன். அதனால் என்னைச் சுரண்டிவிட்டார்கள்.

அவள் அந்த வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்த முகத்தில் வட்டமும் தெரியவில்லை, நீளமும் தெரியவில்லை. மூக்குத்தி தெரிந்தது. காது தெரிந்தது. என் வலது கை தானாகப் போய் என் காதைத் தொட்டது.

போனை டப்பியின் வாயில் வைத்து ஒரு நகல் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். எழுத்தில் எதுவும் வரவில்லை. அவள் அழும் குரல் மட்டும் வந்தது. அக்கா அதை அப்பாவிடம் காட்டப் போன கதையையும் அவளே சொன்னாள். அப்பா போனை வாங்கிப் பார்த்தார். கையை நீட்டித் தூரமாக வைத்தும் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம்.

“ஏப்பா, அத அங்கனயே விட்டுட்டா வந்த?”

“அது அவங்க பொருள்ப்பா. காசு குடுத்து வாங்கியிருக்காங்க.”

“லைட்டப் போட்டுப் போட்டுக் காட்டுறாகளாமே. வெளுத்துப் போகும்னு ஈஸ்வரி சொல்லுறா.”

“ஆமாப்பா.”

“நீயும் பாத்துப் பாத்துத் தீத்துறாத. எனக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சுக் கொண்டா.”

கலைக்கூடத்துக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. உறவை நிறுவ வேண்டும், விண்ணப்பத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கத் தாயாரின் புகைப்படம் ஒன்றை இணைக்க வேண்டும். அவர்தான் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே படம் உங்களிடம்தான் தொங்குகிறது, அதைத்தான் கேட்கிறேன் என்று எழுதினேன். இணைப்பு இல்லாததால் விண்ணப்பம் முழுமையடையவில்லை என்று பதில் வந்தது. அதற்குள் பள்ளிகள் வேறு வரிசையாக வந்துகொண்டிருந்தன. எத்தனை பிள்ளைகளின் கண்களோ! வேலையிடத்தில் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும்போது, இப்போது யாரோ கண் வைத்திருக்கிறார்கள் என்று சும்மா சும்மா தோன்றும். என் காது சுடும்.

கடைசியில் மரெய்கேயிடமே போனேன். அக்கா சொன்னதையெல்லாம் சொன்னேன். கூடையைச் சொன்னேன், காக்காயைச் சொன்னேன். அவர் நூலிலிருந்து அந்த டப்பியை அவிழ்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“இந்தக் குழந்தை எனக்கு ஞாபகம் இருக்கிறது,” என்றார். “மற்றவர்களைச் சுரண்டும்போது ஒன்றும் தோன்றவில்லை. இது ஊசியை வைக்கும் வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்துகொண்டு.” என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். “கையெழுத்தெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். கொண்டு போங்கள்.”

7

கோடை விடுமுறைக்கு மூன்று பேரும் ஊருக்குப் போனோம். டப்பியைக் கறுப்புத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். வழியில் நான் அதைத் திறக்கவில்லை. மகாலட்சுமி கேட்டபோதும் கொடுக்கவில்லை.

ஆடிக் காற்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. வீட்டு முற்றத்தில் தென்னை ஓலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். அப்பா குளித்து, துவைத்த வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். பெட்டி அவர் பக்கத்தில் இருந்தது.

“காலமில்லாத காலத்துல பெட்டியத் தொடக் கூடாதுப்பா,” என்றாள் அக்கா.

“நான் தொடாம வேற யாரு தொடுவா? அங்கிட்டுப் போ.”

டப்பியைக் கொடுத்தேன். கண் வைக்கிற பக்கம் எது என்று காட்டினேன். அப்பா அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார்.

“ஒரு கண்ணத் தொறங்கப்பா. ரெண்டையும் மூடுனா என்ன தெரியும்?”

“அட இருடா. பாக்கத்தான போறேன்.”

வலது கண்ணைத் திறந்தார். அதன்பிறகு அசையவில்லை. காற்றில் துண்டு பறந்து போய்க் கிணற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டது, அதையும் கவனிக்கவில்லை.

“புள்ளைய எங்க காணோம்?”

“அழிச்சுட்டாங்கப்பா. அந்த வெள்ளதான் நான்.”

“அதப் பாத்துக்கிட்டே நிக்கிறாளே.”

 அப்பா டப்பியைக் கண்ணோடு இன்னும் அழுத்திக்கொண்டார். தோட்டத்தில் தள்ளி நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில், சாதாரணமாகக் கூப்பிட்டார்.

“ஏ பொன்னுத்தாயி. இங்கிட்டுப் பாரு.”

ஆதிரா என் காலைக் கட்டிக்கொண்டாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இங்கிட்டுப் பாரு புள்ள. நான்தான்.”

கொஞ்ச நேரம் ஆனது.  பிறகு “ம்,” என்றார், யாரோ ஏதோ சொன்னதற்குப் பதில் சொல்வது போல.

டப்பியைக் கண்ணிலிருந்து எடுத்தார். எங்கள் யார் கையிலும் கொடுக்கவில்லை. பெட்டியைத் திறந்து, சேலை மடிப்புக்குள் அதை வைத்து, மூடிக் கயிற்றைக் கட்டினார்.

“என்னப்பா,” என்றாள் அக்கா.  “வட்டமா, நீட்டா?”

அப்பா முடிச்சை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார்.

“பாத்துட்டா,” என்றார். “போதும்.”

திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. மாசிக்கு முன்னால் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். திறந்தாலும், டப்பியை எடுத்துக் கண் வைக்க எனக்குத் துணிச்சல் வருமா என்று தெரியவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன்னால் போனில் இருக்கும் நகலை எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். இதில் அவள் இன்னும் குனிந்துதான் இருக்கிறாள்.